ஒரு மில்லிமீட்டர்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
சரிவுப்பாதையில் ஏறும்போதே கேட்டுவிட்டது:
இன்ஜின் கத்துகிறது, வண்டி வரவில்லை,
கனவில் ஓடுகிறவன் மாதிரி.

எழுபத்தொன்பதாம் வருடத்து கிரௌன்.
ஆண்டுக்கு எண்ணிக் கொடுத்த நாட்களில் மட்டும்
சாலை பார்க்கும் வண்டி.
அதில் ஒரு நாளை எனக்காகச் செலவழித்திருக்கிறார்
கணக்காய்வாளர் கோக் வா,
இரண்டு சனிக்கிழமை குனிந்து நின்று
தானே கார்புரேட்டர் மாற்றியவர்.

பானெட்டைத் திறந்தார்,
பிறந்த பிள்ளைக்குப் போர்வை விலக்குவது போல.
பளபளப்பில் குறையில்லை.
ஐடிலும் சுத்தம். ஏர் ஃபில்டர் மூடிமேல் வைத்த
கோப்பி தம்ளரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"இது?" என்றேன்.
ஓரத்தில் ஒரு கேபிள்,
ஹீட்டர் குழாயோடு சேர்த்து
பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தது.
"புதுசில் மாட்ட இடமில்லை.
ஓட்டிப் பார்த்தேன், ஓடியது."

ஓடும்.
ஓடுவதா கேள்வி?
கால் எவ்வளவு கேட்கிறதென்று
கியர்பாக்ஸிடம் போய்ச் சொல்ல
இருந்த ஒரே ஆள் அது.
அதைக் கட்டிப்போட்டால்
நீங்கள் தரைவரை மிதித்தாலும்
கீழே போகும் சேதி: ஐயா சும்மா உலாத்துகிறார்.
உலாத்துகிறவருக்கு எதற்கு இரண்டாம் கியர்,
எதற்கு எண்ணெய் அழுத்தம்?
கிளட்ச் தட்டுகள் வழுக்கும்.
வழுக்கி வழுக்கிக் கருகும்.

டிப்ஸ்டிக்கை உருவி அவர் மூக்கருகே நீட்டினேன்.
ரோஜா சிரப்பாய்ச் சிவந்திருக்க வேண்டியது
கோப்பி-ஓ பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.
"வியாழக்கிழமை பிஐஇ-யில் சேரும்போது
பின்னால் ஒரு டிப்பர் லாரி" என்றார்.
மீதியைச் சொல்லவில்லை.

சுல்ஃபிகர் அலுமினியத் தகடு வெட்டினான்.
பழைய கார்புரேட்டரின் கை நீளம், புதியது குட்டை.
முதல் துளை: த்ராட்டில் முழுக்கத் திறந்தும்
கேபிள் பாதிதான் வந்தது.
பாதி உண்மை போதாது.
இரண்டாம் துளை, அச்சிலிருந்து தள்ளி:
த்ராட்டில் முக்காலில் நிற்கும்போதே
கேபிள் விறைத்து, இனி முடியாது என்றது.
விட்டால் ஒருநாள் அறுந்துவிடும்.
மூன்றாவதை நடுவில் போட்டான்,
மலாயில் எதையோ முணுமுணுத்தபடி.

கோக் வா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க
(இன்ஜின் அணைந்திருக்கிறதா என்று
இருமுறை கேட்டுக்கொண்டேன்)
கேபிள்மேல் நசுக்கிவைத்த சின்ன மணி
உறை விளிம்புக்கு வந்து நிற்க வேண்டும்.
இடைவெளி ஒரு மில்லிமீட்டர். மிஞ்சக் கூடாது.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நட்டை அரைச் சுற்று.
கால் சுற்று பின்னால்.

போன மாதம் உட்லண்ட்ஸில் இருக்கும் அக்காவை அழைத்தேன்,
இரவு பதினொன்றேகால்.
"சும்மாதான்" என்றேன்.
"சரி, போய்த் தூங்கு" என்றாள்.
அவள்மேல் தப்பில்லை.
வாயில் டார்ச்சோடு இது ஏன் இப்போது.

புது எண்ணெய் ஊற்றி
பார்ட்லி மேம்பாலத்துக்கு நானே ஓட்டினேன்.
முதலில் பாதிக் கால்.
கியர் அசையவில்லை. அசையவும் கூடாது,
எல்லா ஆசைக்கும் எழுந்து ஓடுவதற்கா கியர்பாக்ஸ்?
ஏற்றம் தொடங்கும் இடத்தில்
கண்ணாடியில் யாருமில்லை என்று பார்த்து
தரைவரை மிதித்தேன்.

ஒரு மூச்சளவு ஒன்றுமில்லை.
பிறகு கீழே யாரோ கேட்டுவிட்டார்கள்.
இரண்டாம் கியர்.
பின்மண்டை இருக்கையில் முட்ட
மேம்பாலம் எங்களுக்குக் கீழே சுருண்டது.

கோக் வா ஹொக்கியனில் ஒரு வார்த்தை சொன்னார்.
எனக்குத் தெரிந்த வார்த்தைதான்.
மொழிபெயர்க்க மாட்டேன்.

பில்லைப் பார்த்து,
"ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவா?" என்றார்.
"மூன்று துளைக்கு" என்றான் சுல்ஃபிகர்.

ஷட்டரை இறக்கிவிட்டுச் சாவியைத் துழாவினால்
வெட்டியெடுத்த பிளாஸ்டிக் பட்டைதான் கையில் வந்தது.
அடுத்து ஃபோன்.
மணி இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை.